பெட்டிக்குள் மல்லிகை

பிரிக்பீல்ட்ஸ்
2-8-1931

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை பவளம் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அத்தானும் பெரியவளும் சுகம்தானா? சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டதா?

விடுதியிலிருந்து போகும் கடிதங்களைப் பெரிய டீச்சர் இராஜம்மா படித்துப் பார்த்த பிறகுதான் உறையை ஒட்டுவார். இது அவருக்குத் தெரியாத கடிதம். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நடைவழி விளக்கின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். காலையில் ரொட்டி கொண்டுவரும் ஜலீல் பாய் இதைத் தபாலில் சேர்ப்பார். பதிலை அவர் கடை விலாசத்துக்கே போடுங்கள். அவர் ரொட்டியோடு கொடுத்துவிடுவார்.

ஜூன் மாதம் எங்களுக்குப் புதிய தையல் டீச்சர் வந்தார் என்று எழுதியிருந்தேன் அல்லவா, சந்திரகலா டீச்சர்? எங்கள் அறைக் கோடியில் தட்டி மறைவில்தான் படுக்கிறார். அவருக்குத் தண்ணீர் எடுத்து வைப்பது, துணி மடிப்பது எல்லாம் என் வேலை. அக்கா, அவர்மேல் ஒரு வாடை வருகிறது. கழுவாத தயிர்ச்சட்டி மாதிரி. சாப்பாட்டு மேசையில் மற்ற டீச்சர்கள் அவர் பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டு உட்காருகிறார்கள். நேற்று ரமணி டீச்சர் வகுப்புக்குள் எட்டிப் பார்த்து, “என்னா, இங்க தையல் நடக்குதா, மோர் வியாபாரம் நடக்குதா?” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். சந்திரகலா டீச்சர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே இருந்தார். நூல் நுழையவே இல்லை.

இன்று பெரிய டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு குளிக்கிற வாசனைச் சவுக்காரக் கட்டி ஒன்றைக் கையில் வைத்தார். “வளந்த பொம்பளகிட்ட நான் எப்படிப் போயி வாட அடிக்குதுன்னு சொல்றது? நீ சின்னப் பிள்ள. அவங்களும் ஒம்மேல பிரியமா இருக்காங்க. பக்குவமாச் சொல்லு” என்றார். தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் வேறு டீச்சர் பார்த்துக்கொள்வாராம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த டீச்சர் எனக்கு ஓர் உதவி செய்திருக்கிறார். அது என்ன என்று எழுத வெட்கம். அவர் போகக் கூடாது. எப்படிச் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.
பவளம்


கிள்ளான்
9-8-1931

செல்லத் தங்கச்சி பவளத்துக்கு அக்கா லெட்சுமி எழுதுவது. எல்லோரும் நலம். சின்னவனுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது, கடித்துக் குதறுகிறான். உன் அத்தானுக்குத் துறைமுகத்தில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. அதற்கு மேல் கேட்காதே.

நீ எழுதியதைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. ஒருத்தியிடம் உன்மேல் வாடை வருகிறது என்று சொல்வதும் ஒன்றுதான், கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் தலையில் எண்ணெய் வாடை அடிக்கிறதென்று என் மாமியார் நாலு பேர் முன்னால் சொன்னார். அன்றைக்கு இலையில் என்ன பரிமாறினார்கள் என்பதுகூட இன்னும் மறக்கவில்லை. அதனால் நீ வாயைத் திறக்காதே. சவுக்காரத்தையும் கொடுக்காதே, உன் பெட்டியிலேயே இருக்கட்டும்.

நம் அம்மா துணிப் பெட்டியில் வெட்டிவேர் வைப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? துணி மடிக்கும்போது அதுபோல வைத்துவிடு. கிடைக்கவில்லை என்றால் வாசனையாக வேறு எதையாவது வை. யார் வைத்தார்கள் என்றும் தெரியாது, யாரும் யாரையும் நோகடித்ததாகவும் ஆகாது.

அது என்ன உதவி? என்னிடம் சொல்ல என்ன வெட்கம்?

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.
லெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
23-8-1931

அன்புள்ள அக்காவுக்குப் பவளம் எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. சின்னவனின் பல்லை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

வெட்டிவேர் கிடைக்கவில்லை. ஜலீல் பாய் பாசாரிலிருந்து மல்லிகை மொட்டு வாங்கி வாழையிலையில் கட்டிக் கொண்டுவருகிறார். பெரிய டீச்சரிடம் சாமி படத்துக்கு என்று சொல்லிவிட்டு, பாதியை டீச்சரின் ரவிக்கைகளுக்கு இடையில் வைத்தேன். முதல் நாள் அவர் அதைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே உதறினார். மறுநாளும் வைத்தேன். மறுநாளும் உதறினார். பூ பிடிக்காத பெண் யாராவது இருப்பார்களா?

அதனால் வேறொன்று செய்தேன். அவர் ரவிக்கைகளுக்கு முன்பக்கம் மார்பில் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்கிறார். அந்த மடிப்பைப் பிரித்து, இதழ்களை மட்டும் மெல்லிசாகப் பரப்பி, அவர் சொல்லிக்கொடுத்த மறைதையலாலேயே மூடிவிட்டேன். தையல் வெளியே தெரியவில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைக்கிறேன். பெரிய டீச்சருக்கு ரொம்பத் திருப்தி. ரமணி டீச்சர் நேற்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆனால் ஒன்று புரியவில்லை. டீச்சர் ஒரு நாளைக்கு இரண்டு வேளை குளிக்கிறார், நானே தண்ணீர் எடுத்து வைக்கிறேன். நடுவிலும் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். அப்புறம் எப்படி வாடை வரும்? துவைக்கப் போடும் ரவிக்கையின் முன்பக்கம் கஞ்சி போட்டதுபோல் விறைத்து, வட்டமாக மஞ்சள் பூத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போகிறார். கல்யாணமாகாத பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று ரமணி டீச்சர் கேலி செய்கிறார்.

அத்தானுக்கு என் வணக்கம்.
பவளம்


கிள்ளான்
28-8-1931

பவளம்,

சுகம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் இப்போதுதான் வந்தது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு எழுதுகிறேன்.

ரவிக்கைக்குள் தைத்த பூவை எல்லாம் இன்றைக்கே எடுத்துவிடு. ஓர் இதழ்கூட இருக்கக் கூடாது. பெட்டியிலும் வேண்டாம், தலைமாட்டிலும் வேண்டாம். ஏன் என்று டீச்சரிடம் கேட்காதே. அந்த மஞ்சள் வட்டத்தைப் பற்றி ரமணி டீச்சர் காதில் விழும்படி யாரிடமும் பேசாதே.

நான் சொன்னது வெட்டிவேர். ஆனால் வாசனையாக எதையாவது வை என்றும் எழுதிவிட்டேன்.

உடனே பதில் போடு.
அக்கா


பிரிக்பீல்ட்ஸ்
20-9-1931

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் ஆகஸ்டு மாதம் எழுதிய கடிதம் இன்று காலையில்தான் என் கைக்கு வந்தது. ஜலீல் பாய்க்குக் காய்ச்சல். இத்தனை நாளும் வேறு ஆள் ரொட்டி கொண்டுவந்தார். இன்று பாய் இளைத்துப்போய் வந்து, “மன்னிச்சிக்க தங்கச்சி, ஒங் கடுதாசி கடையிலேயே கெடந்துபோச்சு” என்றார். பாய் படுக்கும் முன் ஒரு கூடை மொட்டு கொடுத்திருந்தார். பிறகு வந்தவரிடமும் நான் கேட்டு வாங்கினேன்.

நான் எடுக்கவில்லை அக்கா. டீச்சரே கண்டுபிடித்துவிட்டார். போன வாரம் ஒரு ரவிக்கையின் ஓரம் பிரிந்து, காய்ந்த இதழ் உதிர்ந்திருக்கிறது. நான் உள்ளே போனபோது ரவிக்கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் தையலை விரலால் தடவிக்கொண்டே, “நல்லா தச்சிருக்க” என்றார். பிறகு, “எவ்வளவு நாளா?” என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. “ஒனக்குத் தெரியாதும்மா. கல்யாணமாகாத புள்ளைக்கு இது தெரியாது” என்றார்.

அவருக்கு ஒரு பிள்ளை இருக்கிறது அக்கா. வாசு என்று பெயர். மே மாதம் பிறந்தவன். டீச்சரின் புருஷன் சபாபதி, பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தாராம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தை மூடி, ஆட்களோடு அவரையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். போய்ச் சேர்ந்த கடிதம்கூட வரவில்லை. பிள்ளைக்காரியை விடுதியில் சேர்க்கமாட்டார்கள் என்று, தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, கல்யாணமாகவில்லை என்று சொல்லி வந்திருக்கிறார். பிள்ளை உங்கள் ஊரில் மாரியாயி என்கிற அம்மாவிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பால் கொடுப்பதற்காக, மற்ற நாளெல்லாம் குளியலறையில் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, வற்றவிடாமல் வைத்திருந்தார். அதுதான் அக்கா அந்த வாடை.

மல்லிகையை மார்பில் கட்டினால் பால் வற்றிவிடுமாமே. உங்களுக்கும் தெரியுமா? தெரியும் போலிருக்கிறது. போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுததாம்.

இந்த டீச்சர் எனக்குச் செய்த உதவியைச் சொல்கிறேன். ஜூலை மாதம் நான் பெரியவளாகிவிட்டேன். தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவீர்கள் என்று அழுதேன். அவர்தான் என் பாவாடையைத் துவைத்துத் தந்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தார். அவருக்குப் போய் நான் இப்படிச் செய்திருக்கிறேன்.

மாரியாயி அம்மாவின் வீடு ரயில்வே கோட்டர்ஸுக்குப் பின்னால் கம்பத்துக் குடியிருப்பில், முருங்கை மரம் நிற்கும் வீடு. போய்ப் பிள்ளையைப் பார்த்து எழுதுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

பவளம்


கிள்ளான்
27-9-1931

என் கண்ணு பவளத்துக்கு அக்கா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகமே.

உன் அத்தானைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிள்ளை இருக்கிறான். கண் இரண்டும் பெரிசு. நீட்டிய விரலைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறான். உடம்புதான் கொஞ்சம் ஒல்லி. மாரியாயி நல்ல பெண்தான். அவளுக்கே நாலு பிள்ளைகள். டின் பாலைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுக்கிறாள். ஒரு டின்னை இரண்டு வாரத்துக்கு நீட்ட வேண்டும் என்றால் அப்படித்தானே செய்வாள்?

இனிமேல் தினம் ஒரு வேளை நான் போய்வருகிறேன். சின்னவனுக்குப் போக எனக்கு மிச்சம் இருக்கிறது. இதை உன் டீச்சரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே பார்த்துக்கொள். பெற்றவளுக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், வயிறும் எரியும்.

பூவால் மட்டும் பால் வற்றாது பவளம். பயந்தாலும் வற்றும், பட்டினி கிடந்தாலும் வற்றும். பூண்டும் பால்சுறாவும் சாப்பிட்டால் திரும்பி வரும். அவரைச் சாப்பிடச் சொல்.

உன் விஷயத்தை அத்தானிடம் சொல்லவில்லை. உன் படிப்பு நிற்காது. வெந்தயமும் உளுந்தும் பாய் கடைக்கு அனுப்புகிறேன், சாப்பிடு. அம்மா இருந்திருந்தால் உனக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்.

லெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
5-10-1931

அன்புள்ள அக்காவுக்குப் பவளம் வணக்கம். உளுந்து வந்தது. நான் சுகம், டீச்சரும் சுகம்.

உங்கள் கடிதத்தை டீச்சரிடமே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு அதை மடித்துத் திருப்பித் தந்தார். பிறகு, “ஒங்க அக்கா என்னைவிடச் சின்னவங்களா, பெரியவங்களா?” என்று கேட்டார். சின்னவர் என்றேன். “சின்னவங்களா இருந்தாலும் கால்ல விழணும்” என்றார்.

சமையற்கட்டில் நான் பூண்டு எடுத்துவந்து கொடுக்கிறேன். திருட்டுதான். சுட்டுத் தின்கிறார். ஜலீல் பாய் பால்சுறாக் கருவாடு கொண்டுவந்தார், யாருக்கென்று கேட்கவில்லை. நேற்று ஞாயிறு போய்வந்தபோது டீச்சரின் முகமே வேறாக இருந்தது. பிள்ளை குடித்தானாம். ஒரு பக்கம் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டானாம்.

ஆனால் வாடை முன்னைவிட மோசம். “மோர்க்கட போயி பூண்டுக்கட வந்திருச்சு” என்று ரமணி டீச்சர் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிட்டார். பெரிய டீச்சர் என் காதைப் பிடித்து, “நீ சொன்னியா இல்லியா?” என்று கேட்டார். சொன்னேன் என்று பொய் சொன்னேன். பதினாறாம் தேதி கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் அம்மா தையல் வேலையைப் பார்க்க வருகிறாராம். அதுவரை யாரும் வெளியே போகக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் தையல் உண்டு என்று உத்தரவு. வருகிற ஞாயிறு டீச்சர் வரமாட்டார். நீங்கள் மட்டும் தவறாமல் போங்கள்.

பவளம்


கிள்ளான்
11-10-1931

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். வாசுவுக்குச் சற்று சுகமில்லை. வயிற்றுப்போக்கு, கூடவே காய்ச்சல். நான் கொடுப்பதும் தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் மருந்து வாங்கி வந்தோம். பயப்பட ஒன்றுமில்லை.

இந்த வாரம் ஏதாவது ஒரு நாள் டீச்சரை வரச் சொல். நாள் பார்க்க வேண்டாம். முடிந்தால் நாளைக்கே.

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, ஒரு கையால் எழுதுகிறேன். இன்னொரு கையில் அவன் இருக்கிறான்.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்
20-10-1931

அக்கா,

நீங்கள் சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. டீச்சர் உடனே பெரிய டீச்சரிடம் போனார். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டு கதவருகில் நின்றேன். இன்ஸ்பெக்டர் வருகிற வாரத்தில் தையல் டீச்சர் இல்லாமல் எப்படி, யாருக்கு உடம்பு சரியில்லை என்று பெரிய டீச்சர் கேட்டார். சொந்தக்காரப் பிள்ளைக்கு என்றார் டீச்சர்.

“அந்தப் பிள்ளைக்கு அம்மா இருப்பாங்கல்ல?”

“இருக்காங்க” என்றார் டீச்சர்.

“அப்புறம் என்ன, அவங்க பாத்துக்குவாங்க. நீங்க வெள்ளிக்கெழம வேல முடிஞ்சதும் போங்க. இல்ல இப்பவே போறதுன்னா, பெட்டியையும் எடுத்துட்டுப் போயிருங்க.”

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை அக்கா. அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னால் என் விஷயமும் வெளியே வந்துவிடும் என்று அப்போது நினைத்தேன். உங்களிடம் மறைக்கமாட்டேன், அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் அம்மா எங்கள் மறைதையலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பாராட்டினார். டீச்சர் கும்பிட்டுவிட்டு, மாற்றுச் சேலைகூட எடுக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினார். நேற்றுத் திரும்பி வந்தார். சாப்பிடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பவளம், பாய்கிட்ட சொல்லி எனக்கு மல்லிகப்பூ வாங்கித் தர்றியா? நெறைய வேணும்.”

எதற்கு என்று நான் கேட்கவில்லை. இன்று பாய் இரண்டு கூடை கொண்டுவந்தார். டீச்சருக்கு மார்பு கல்லாகக் கட்டி, கை தூக்க முடியவில்லை. நான்தான் பூவை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டினேன்.

நீங்கள் எழுத வேண்டியதை எழுதுங்கள்.
பவளம்


கிள்ளான்
26-10-1931

பவளத்துக்கு அக்கா ஆசியுடன் எழுதுவது. பெரியவளும் சின்னவனும் நலம்.

டீச்சர் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து சேர்ந்தார். நான் பிள்ளையை அவர் மடியில் வைத்தேன். விடிகிறவரைக்கும் இருந்தான். ஒன்று மட்டும் உனக்குத் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன். பால் இருந்தது. ரவிக்கை நனைந்து சொட்டும் அளவுக்கு இருந்தது. அவனுக்குத்தான் குடிக்கத் தெம்பில்லை. அதனால் நீ வைத்த பூவை நினைத்து அழாதே. ஒருவேளை அழுதால், வாசனையாக எதையாவது வை என்று எழுதிய என்னையும் சேர்த்து நினைத்துக்கொள்.

அத்தான்தான் தூக்கிக்கொண்டு போனார். அப்பன் யார் என்று கேட்டவர்களிடம் தன் பெயரையே சொல்லிவிட்டார்.

சின்னவனுக்கு இப்போது மிச்சமாகிறது. அவன் குடித்து முடித்த பிறகும் அந்த நேரத்துக்குக் கால் தானாகக் கம்பத்துப் பக்கம் கிளம்புகிறது.

தீபாவளிக்கு நாங்கள் எண்ணெய் தேய்க்கப்போவதில்லை. காரணம் கேட்டால் மழை என்று சொல்லிவிடுவேன்.

லெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
15-11-1931

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் பவளம் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். வெந்தயம் சாப்பிடுகிறேன்.

டீச்சர்மேல் இப்போது எந்த வாடையும் இல்லை. பால் நின்றுவிட்டது. ரமணி டீச்சர் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் தட்டிலிருந்து மீன் எடுத்து வைக்கிறார். முன்னால் பேசியதற்கு ஈடாகத்தான் வைக்கிறார் என்று நினைக்கிறேன். வேறு டீச்சர் பார்க்கும் பேச்சும் நின்றுவிட்டது. தாலி இன்னும் முந்தானை முடிச்சில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் டீச்சர் குளித்து, நல்ல சேலை கட்டி, டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொள்கிறார். கிள்ளான் ரயில் ஊதிக்கொண்டு போவது இங்கே கேட்கும். அது கேட்ட பிறகு எழுந்து, சேலையை மாற்றிக்கொண்டு துணி வெட்ட வந்துவிடுகிறார். நான் அப்போது உள்ளே போவதில்லை.

போன வாரம் தீபாவளிக்கு எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துப் பரிசு கொடுத்தார்கள். கடைசியில் பெரிய டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டார். ஒரு பூப்போட்ட கைக்குட்டை கொடுத்தார். “ஒரு வேலையச் சொன்னா, யாரு மனசும் நோகாமப் பக்குவமாச் செய்யுற பிள்ள” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். டீச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், அவர்களுக்கு அது எந்த வேலை என்று தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது, ஆனாலும் கை தட்டினார்கள்.

சந்திரகலா டீச்சர் கடைசி வரிசையில் இருந்தார். அவரும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார்.

அந்தச் சவுக்காரம் இன்னும் பிரிக்காமல் என் பெட்டியில் இருக்கிறது. சின்னவனைக் கீழே விடாமல் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. அவன் நன்றாகக் குடிக்கிறானா? அதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
பவளம்